சிங்கப்பூர் – நியூயார்க்: ஒரே மூச்சிலா, ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் கென்னடி விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கிப் போனால் சுமார் 16,500. கூடுதல் தூரம் ஏழெட்டு சதவீதம்தான். ஆனால் நேரடி விமானம் பதினெட்டரை மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிடும். மற்றதோ ஒரு முழு நாளை விழுங்கும். ஃபிராங்க்ஃபர்ட் காத்திருப்பு மட்டும் இதற்குக் காரணம் அல்ல. நேரடி விமானம் பெரும்பாலும் பசிபிக் பக்கமாகக் கிழக்கே பறப்பதால் மேற்கிலிருந்து வீசும் பலத்த உயர்வானக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. ஐரோப்பா வழியே மேற்கு நோக்கிப் போகிறவர்களுக்கு அதே காற்று எதிரி.

நேரடிப் பயணத்துக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயன்படுத்தும் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) விமானத்தில் 161 இருக்கைகள்தான். சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. 1,65,000 லிட்டர் வரை எரிபொருள் சுமப்பதால் ஆட்களைக் குறைத்திருக்கிறார்கள். சிக்கனக்காரர் ஃபிராங்க்ஃபர்ட் வழியையே பார்க்க வேண்டும்.

கையில் காசு இருந்தாலும் முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு நான் ஃபிராங்க்ஃபர்ட்டையே சொல்வேன். பாதி வழியில் இறங்கி நடப்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். நான் தனியாகப் போவதென்றால் நேரடி விமானம்தான்.