சத்தம் அடங்கிவிட்டது என்பதற்காகக் கணினி சரியாகிவிட்டது என்று நம்பாதீர்கள்: மட்டக்களப்பில் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

மட்டக்களப்பு நகரில் கணினி பொருத்தி வாங்க நினைப்பவர்கள், குறிப்பாக வீடியோ எடிட்டிங் போன்ற பாரமான வேலைக்கு வாங்குபவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. என்ன செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், எந்தக் கடையில் அது நடந்தாலும் உங்களால் பிடித்துவிட முடியும்.

கல்லடியில் கலியாண வீடியோக்களும் கோயில் திருவிழா வீடியோக்களும் எடிட் செய்து கொடுப்பது என் தொழில். விவரணக் குரலையும் அதே அறையில்தான் பதிவு செய்கிறேன். குளிரூட்டி கிடையாது. ஆகவே வேகம் வேண்டும், சூடு கட்டுக்குள் இருக்க வேண்டும், இரைச்சலும் இருக்கக் கூடாது என்று வாங்கும்போதே சொன்னேன். இன்டெல் கோர் ஐ7-13700கே புரொசசர், அதன் சூட்டைத் தணிக்க 120 மில்லிமீற்றர் விசிறியுடன் டவர் கூலர் (உலோகத் தகடுகளைக் கோபுரம்போல் அடுக்கிய குளிர்விப்பான்) என்று பற்றுச்சீட்டில் எழுதித் தந்தார்கள். மொத்தம் நான்கு இலட்சம் ரூபாவுக்கு மேல்.

முதல் நாளே, ஒரு மணவறைக் காட்சியை எக்ஸ்போர்ட் செய்யத் (எடிட் செய்ததை முழு வீடியோவாக வெளியே எடுக்கத்) தொடங்கியதும் விசிறி அலறத் தொடங்கியது. கதவைச் சாத்தினாலும் பக்கத்து அறையில் கேட்டது. புரொசசரின் வெப்பத்தைக் காட்டும் இலவச மென்பொருளைத் திறந்தால் 100 பாகை செல்சியஸ். கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். “அண்ணன், இன்டெல் என்றால் நூறு வரத்தான் செய்யும். இப்போது கச்சான் காற்று வேறு அடிக்கிறது. பயப்பட வேண்டாம்” என்றார் அங்கிருந்த தம்பி.

இதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். இந்தப் புரொசசரின் அடிப்படை மின்வலு 125 வொட். முழுப் பாரத்தில் 253 வொட் வரை இழுக்க இன்டெல் அனுமதிக்கிறது. 100 பாகைதான் அதன் எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ் புரொசசர்கூட முழுப் பாரத்தில் 95 பாகை வரை போகும் வகையிலேயே வடிவமைக்கப்பட்டது. கச்சான் என்ற எங்கள் ஊர் வெப்பக் காற்றைப் பற்றிச் சொன்னதும் பொய்யல்ல. 22 பாகை அறையில் சோதித்த கூலரை நம்முடைய 33 பாகை அறையில் வைத்தால், அந்தப் பதினொரு பாகையும் ஏறக்குறைய அப்படியே புரொசசரின் வெப்பத்தில் கூடும்.

ஆகவே நூறு என்ற எண்ணை மட்டும் வைத்துக் கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. எத்தனை வொட்டில் நூறைத் தொடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். என்னுடையது ஏறத்தாழ 110 வொட்டிலேயே தொட்டது. 253 வொட் வரை போகக்கூடிய ஒரு புரொசசர் பாதி வழிகூடப் போகாமல் மூச்சுத் திணறுகிறது என்றால், கோளாறு காற்றிலும் இல்லை, இன்டெலிலும் இல்லை. அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் கூலரில் இருக்கிறது.

கணினியைக் கடையில் கொடுத்தேன். “பயோஸ் அப்டேட் செய்து, பேஸ்ட் மாற்றி, எல்லாம் சரிசெய்துவிட்டோம்” என்று திருப்பித் தந்தார்கள். பயோஸ் என்பது கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள். பேஸ்ட் என்பது புரொசசருக்கும் கூலருக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தப் பூசும் பசை. அதற்கு சேவைக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தால் உண்மையிலேயே சத்தம் இல்லை. வெப்பம் அறுபது சொச்சம். யாராக இருந்தாலும் மனம் நிறைந்து நன்றி சொல்லியிருப்பார்கள்.

ஆனால் வேலை நகரவில்லை. நூறு பாகையில் கொதித்துக்கொண்டிருந்தபோது ஒரு மணி நேரத்தில் முடிந்த எக்ஸ்போர்ட், இப்போது ஒன்றரை மணி நேரத்தை நெருங்கியது. பயோஸுக்குள் போனேன். மின்வலு எல்லைகள் இரண்டு உண்டு: ஒன்று நீண்ட நேரத்துக்கு, மற்றது குறுகிய நேரத்துக்கு. இரண்டிலும் 65 வொட் என்று போட்டு வைத்திருந்தார்கள். கூலரைத் தொடாமல், புரொசசரின் கையைக் கட்டிவிட்டு, ‘சரிசெய்துவிட்டோம்’ என்றிருக்கிறார்கள். ஐ7 விலை வாங்கிக்கொண்டு, அதன் வேகத்தில் பெரும்பங்கை எனக்குத் தெரியாமலே எடுத்துவிட்டார்கள்.

அதே திரையில் பயோஸின் திகதியும் இருந்தது. 2023. அப்டேட் செய்ததாகச் சொன்னதும் பொய். இதை நான் சின்ன விடயமாக நினைக்கவில்லை. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசசர்கள் பலவற்றில், தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தம் காரணமாக நாளடைவில் நிலைகுலையும் கோளாறு கண்டறியப்பட்டது. அதைத் தடுப்பதற்கான மைக்ரோகோட் (புரொசசரின் உள் இயக்கத்தைத் திருத்தும் நிரல்) 2024 ஓகஸ்டில்தான் வெளிவரத் தொடங்கியது. மதர்போட்டின் பயோஸ் அப்டேட் வழியாகத்தான் அது கிடைக்கும். பெட்டியுடன் விற்கப்பட்ட புரொசசர்களுக்கு இன்டெல் உத்தரவாதக் காலத்தை மேலும் 2 வருடங்கள் நீட்டியதும் இதற்காகவே. உங்களிடம் இந்தத் தலைமுறைப் புரொசசர் இருந்தால் பயோஸ் திகதியை இன்றே பாருங்கள். எனக்குப் புரொசசரின் பெட்டியைக் கடையில் தரவில்லை. அதையும் கேட்டு வாங்குங்கள்.

பிறகு கேசிங்கைத் திறந்தேன். டவர் கூலர் என்று எழுதிய இடத்தில் இருந்தது, 92 மில்லிமீற்றர் விசிறி வைத்த, மதர்போட்டில் தள்ளிப் பூட்டும் மலிவான கூலர். நான்கு பிளாஸ்டிக் முளைகளில் இரண்டுதான் பூட்டியிருந்தன. மற்ற இரண்டும் விரல் பட்டதும் ஆடின. கூலரைக் கழற்றியபோது, ஒரு பாதியில் பேஸ்ட் மெல்லிய படலமாக அழுந்தியிருந்தது. மறுபாதியில் பிதுக்கி வைத்த வடிவம் கலையாமல் அப்படியே தடித்து நின்றது. உலோகத்தின் பாதிப் பரப்பு ஒன்றையொன்று தொட்டதே இல்லை. பேஸ்ட் மாற்றினோம் என்ற பேச்சும் அத்துடன் முடிந்தது. கேசிங்கின் முன்பக்கமோ முழுக் கண்ணாடி. காற்று உள்ளே வர ஓரத்தில் ஒரு கீற்று மட்டும்.

மின்வலு எல்லையைக் குறைப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊர் வெயிலுக்கு அதுதான் நல்ல வழி. புரொசசரின் கடைசிச் சில நூறு மெகாஹேர்ட்ஸுக்காக மின்னழுத்தம் அளவுக்கு மீறி ஏற்றப்படுகிறது. மின்செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். அதனால் உச்சியில் இருந்து கொஞ்சம் கீழே இறக்கினால் வெப்பம் வெகுவாகக் குறையும், வேகம் சிறிதளவுதான் குறையும். இப்போது இரட்டைக் கோபுரக் கூலர் ஒன்றை வாங்கி, எல்லையை 150 வொட்டில் வைத்திருக்கிறேன். நண்பகலில் முழுப் பாரத்தில் எண்பதை ஒட்டி நிற்கிறது. விசிறியின் வேகம் வெப்பத்தோடு படிப்படியாக ஏறும்படியும், ஒரு நொடி ஏற்றத்துக்கெல்லாம் துள்ளாதபடியும் பயோஸிலேயே அமைத்திருக்கிறேன். ஆனால் எவ்வளவு வேகத்தை விட்டுக்கொடுத்து எவ்வளவு அமைதியை வாங்குவது என்பது பணம் கொடுத்தவர் எடுக்க வேண்டிய முடிவு. கடைக்காரர் ஒளித்து எடுக்கக் கூடாது.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே, கேசிங்கை மூடிய நிலையில், புரொசசருக்கு முழுப் பாரம் கொடுக்கும் சினிபெஞ்ச் போன்ற சோதனை மென்பொருளை அரை மணி நேரம் ஓட விடச் சொல்லுங்கள். வொட், வெப்பம், மெகாஹேர்ட்ஸ் மூன்றையும் ஒரே திரையில் பாருங்கள். வெப்பம் குறைவாக இருந்து வொட்டும் 65இல் ஒட்டிக்கொண்டிருந்தால், பயோஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முழுப் பாரம் என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் ஏற்காதீர்கள். கேசிங்குக்குள் சூடு சேர நேரம் எடுக்கும். கூலரின் பெயரும் மாதிரி இலக்கமும் பற்றுச்சீட்டில் இருக்கட்டும். ‘டவர் கூலர்’ என்று மட்டும் எழுதினால் எதையும் வைத்துவிடலாம்.

படங்களோடு கடைக்குப் போனேன். சேவைக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தர முன்வந்தார்கள். கூலரைப் பற்றிப் பேச மறுத்துவிட்டார்கள். பற்றுச்சீட்டுப் பிரதியையும் பயோஸ் திரையின் படத்தையும் இணைத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி 3 மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. இதே கதை உங்களுக்கும் நடந்திருந்தால் நாட்களைக் கடத்தாதீர்கள்.