ஹந்தானையா, கம்பளையா?

கண்டியில் தலதா மாளிகை பார்த்தாச்சு, அடுத்து எந்த அருங்காட்சியகம் என்று கேட்பவர்களுக்கு.

பயணம்: ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்துக்குக் கண்டி டவுனிலிருந்து த்ரீவீலர் போதும். கம்பளைப் பக்கத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். போன் பண்ணிவிட்டுப் போங்கள்.

பார்ப்பது: ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலை, கொழுந்து அரைத்த பழைய இயந்திரங்கள், 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டு, இலங்கைத் தேயிலைத் தொழிலைத் தொடக்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரின் பொருட்கள். மேல்மாடியில் தேநீர்.

கம்பளையில் லயக் காம்பராவே, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீட்டு அறையே, அருங்காட்சியகம். தாழ்ந்த கூரை, ஒடுங்கிய அறை. அதற்குள்தான் ஒரு முழுக் குடும்பம் சமைத்து, படுத்து, பிள்ளை பெற்றது. நம் பாட்டன் பூட்டன் புழங்கிய சாமான்கள் அங்கே இருக்கின்றன. தோட்டம் நடத்திய வெள்ளைத் துரைமார் கதையை எங்கும் கேட்கலாம், இதை இங்கேதான்.

மழைநாள், வெளிநாட்டு நண்பர், நேரமில்லை என்றால் ஹந்தானை. பிள்ளைகளுக்கு நம் வேரைக் காட்ட, யோசிக்காமல் கம்பளை.