நாடக மரபைத் தேடி ஒரு புதிர் நடை: சென்னையா, தஞ்சையா, மதுரையா?

கோயில் நடை, உணவு நடை, பழைய தெரு நடை என்று ஊரைச் சுற்றிக் காட்டும் நடைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. தமிழ் நாடக மரபை வைத்து அப்படி ஒன்று செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழிகாட்டி பேசிக்கொண்டே போக, மற்றவர்கள் பின்னால் வரும் நடையை நான் சொல்லவில்லை. கையில் ஒரு தாள், அதில் ஒரு துப்பு. அதை அவிழ்த்தால்தான் அடுத்த இடம் தெரியும். ஆறு பேர் கொண்ட குழு, இரண்டரை மணி நேரம். இதற்கு எந்த ஊர் சரிப்படும்?

நான் பார்ப்பது இரண்டு விஷயங்களை. துப்பு அந்த இடத்தில் போய் நின்றால்தான் அவிழ வேண்டும். வீட்டில் உட்கார்ந்து போனில் தேடியே விடை கிடைக்கும் என்றால் நடப்பானேன்? அப்புறம், நடந்து முடித்தவருக்கு அந்தக் காலத்து நாடகம் எப்படி நடந்தது என்பது கொஞ்சமாவது பிடிபட்டிருக்க வேண்டும்.

சென்னை: கட்டடங்கள் பேசும் ஊர்

யாரைக் கேட்டாலும் முதலில் சென்னையைத்தான் சொல்வார்கள். காரணம் விக்டோரியா பப்ளிக் ஹால். சென்ட்ரலுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் பக்கத்தில் நிற்கும் அந்தச் செங்கல் கட்டடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. 1891இல் பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் குழு சென்னைக்கு வந்து நாடகம் போட்டது. அதைப் பார்த்த பம்மல் சம்பந்த முதலியார், அதே ஆண்டு நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபை என்ற நாடகச் சபையைத் தொடங்கினார். அப்போது அவர் இருபது வயதுகூட ஆகாத இளைஞர். பல ஆண்டுகள் அந்தச் சபையின் மேடை இந்த ஹால்தான். சி.பி. ராமசாமி ஐயர், சத்தியமூர்த்தி போன்றவர்கள் அந்தச் சபையில் வேஷம் கட்டியிருக்கிறார்கள். படித்தவர்கள் நடிப்பதை மரியாதைக் குறைவாக நினைக்காத நிலை வந்ததில் இந்தச் சபைக்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கே துப்பு வைப்பது சுலபம். கட்டடத்தின் கோபுரக் கூரை திருவிதாங்கூர்ப் பாணியில் அமைந்தது. 'மலையாளத் தொப்பி போட்ட மாளிகை' என்று ஒரு வரி கொடுத்தால் போதும், அண்ணாந்து பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஹால் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, பிறகுதான் மாநகராட்சி புதுப்பிக்க எடுத்துக்கொண்டது. அதனால் விடையை எப்போதும் வெளிப்புறத்திலேயே வைப்பது நல்லது.

எழும்பூரில் மியூசியம் தியேட்டர் இருக்கிறது. ஹென்றி இர்வின் கட்டடக் கலைஞராக இருந்து 1896இல் திறந்தது. இன்றும் அங்கே நாடகம் நடக்கிறது. ஆனால் ஹாலுக்கும் இதற்கும் இடையே பெரிய சாலைகளையும் ரயில் பாதைகளையும் ஒட்டிய இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. வெயிலில் அதை நடக்கச் சொல்ல மனம் வராது. எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோவில் ஒரே நிறுத்தம், அதையே நடையின் 'இடைவேளை' ஆக்கிவிடலாம்.

எனக்குச் சென்னையில் இருக்கும் தயக்கம் வேறு. வக்கீல்களும் அதிகாரிகளும் நடித்த மேடை நிற்கிறது. நாடகத்தையே பிழைப்பாகக் கொண்ட கம்பெனிகள் ஆடிய வால்டாக்ஸ் ரோட்டு ஒற்றைவாடைக் கொட்டகை நாடகக் கொட்டகையாக இன்று இல்லை. லாரிகளுக்கும் சரக்கு மூட்டைகளுக்கும் நடுவில் குழுவை நிறுத்தி, 'இங்கேதான் இருந்தது' என்று சொல்லலாம், அவ்வளவுதான். சபாக்காரர்கள் பக்கக் கதை மட்டும் துலக்கமாகவும், கம்பெனி நடிகர்கள் பக்கக் கதை வெறும் வாய்ச்சொல்லாகவும் போய்விடும். தமிழ் நாடகத்தைத் தோளில் சுமந்தவர்கள் அந்த இரண்டாவது கூட்டம். அவர்களை விட்டுவிட்டு ஒரு நாடக நடை செய்ய எனக்கு ஒப்பவில்லை.

தஞ்சை: ஒரே ஒரு கல்

தஞ்சையில் நாடகத்துக்கென்று நடக்கும் தூரம் குறைவு. பெரிய கோயில், அரண்மனையில் சங்கீத மகால், அதோடு சரி. ஆனால் கோயில் மதிலில் இருக்கும் ஒரு கல்வெட்டுக்கு ஈடான துப்பு மற்ற இரண்டு ஊரிலும் இல்லை. ராஜராஜன் கோயிலுக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயிலில் ஆடும் பெண்களின், பட்டியல் அது. எந்தச் சேரி, தெருவின் தென்வரிசையா (தென்சிறகு) வடவரிசையா (வடசிறகு), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஆள் ஆளாகச் சொல்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். எல்லாப் பெயருக்கும் முன்னால் 'நக்கன்' என்று வரும். சோழர் கால எழுத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். கல்வெட்டுப் படிக்கவே தெரியாதவர்கூட ஐந்து நிமிடத்தில் அதை மதிலில் கண்டுபிடித்துவிடுவார். ஒன்று கிடைத்ததும் அடுத்தது, அடுத்தது என்று கண் தானாக ஓடும். அதே கோயிலில் ராஜராஜேஸ்வர நாடகம் நடத்த நெல் ஒதுக்கிய கல்வெட்டும் உண்டு.

அந்த ஒரு மணி நேரம் அபாரமாக இருக்கும். மிச்ச ஒன்றரை மணி நேரத்துக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அந்தப் பெண்கள் குடியிருந்த தெருக்களை இன்று போய் நின்று பார்க்க வழியில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு காலைப் பொழுது நிகழ்ச்சியாக வைத்தால் தஞ்சையை அடிக்க ஆளில்லை.

மதுரை

மதுரையில் நாடகத்துக்கென்று பிரமாதமான கட்டடம் எதுவும் இல்லை. இருந்தும் என் ஓட்டு மதுரைக்குத்தான். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் நாடகக் கம்பெனியை இங்கேதான் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவனான சிறுவன் சண்முகத்துக்காக ஒரே இரவில் சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை எழுதி முடித்த கதையை நாடகக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். எம்.ஜி.ஆர். சிறுவனாகச் சேர்ந்ததும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில்தான். தமிழ்ச் சங்கம் ரோட்டில் சுவாமிகளுக்குச் சிலை இருக்கிறது. அவருடைய நாடகங்களை ஸ்பெஷல் நாடகமாக இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் நடிகர்களும் அவர்களுடைய சங்கமும் இதே ஊரில் இருக்கிறார்கள். துப்புக்கு விடையாக ஒரு ஆளையே வைக்க முடிவது இங்கே மட்டும்தான்.

ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பே புதிர் நடைக்கென்று செய்தது மாதிரி இருக்கிறது. ராஜபார்ட் (நாயகன் வேடம்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி வேடம்) ஓர் ஊர், பபூன் (கோமாளி) இன்னோர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும், மற்றதை அங்கேயே பேசிச் சமாளிப்பார்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பார்ட் கொடுத்து, அந்தப் பார்ட்டுக்கு மட்டும் உரிய வரிகளைத் தனித் தாளில் தரலாம். ஆறு பேரும் தங்கள் வரியைச் சரியான இடத்தில் சத்தமாகச் சொன்னால்தான் துப்பு முழுமையாகும். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்த குழுவாக இருந்தால் இன்னும் நல்லது.

தாளையும் நாடக நோட்டீஸ் மாதிரியே அச்சிட வேண்டும். திருவிழா ஊர்களில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: மேலே கோயில் பெயரும் தேதியும், நடுவே நாடகத்தின் பெயர், சுற்றிலும் நடிகர்களின் சின்னச் சின்னப் படங்கள், ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், பட்டம், ஊர், பார்ட். அந்த ஊர்ப் பெயர்களை வைத்தே முதல் துப்பைக் கோத்துவிடலாம். ஆப் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆப் என்றால் ஆறு தலையும் திரைக்குள் குனிந்திருக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். நோட்டீஸ் போதும்.

வழியும் கைக்கு அடக்கமானது. காலை ஏழு மணிக்குச் சிலையடியில் தொடங்கி, கோயிலைச் சுற்றிய வீதிகள் வழியாகப் புதுமண்டபம் வந்து, ஒன்பது மணிக்குத் திறக்கும் திருமலை நாயக்கர் மகாலில் முடிக்கலாம். 1636இல் கட்டிய அந்த மகாலில் நாடகசாலை என்றே ஒரு பகுதி இருக்கிறது. அரசவை நாடகத்திலிருந்து கொட்டகை நாடகம் வரை ஒரே நடையில் வந்துவிடும்.

கடைசித் துப்புக்கு நான் நினைப்பது வள்ளி திருமணத்தின் தர்க்கம். தினைப்புனம் காக்கும் வள்ளியும் நாரதரும் கேள்வியும் பதிலுமாக மோதும் கட்டம் அது, ஜனங்கள் அதற்காகவே தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்திரீபார்ட் நடிகை ஒருவர் வள்ளியாக வந்து வழி மறித்துக் கேட்க வேண்டும், குழு பதில் பேசித்தான் தாண்ட வேண்டும். மகால் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் உள்ளே ஆர்மோனியம் வைத்துப் பாட அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டால் வெளியே பக்கத்தில் ஒரு சிறு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கட்டணத்தைக் கணக்குப் போடும்போது முதலில் எழுத வேண்டியது அந்த நடிகைக்கும் ஆர்மோனியக்காரருக்கும் உரிய தொகை. ஓர் இரவு நாடகத்துக்கு அவர்கள் வாங்கும் சம்பளத்தைக் கேட்டு, அதை ஒட்டியே பேச வேண்டும். 'விளம்பரம் கிடைக்குமே' என்று சொல்லி இலவசமாகக் கூப்பிடக் கூடாது. மாதமும் முக்கியம். பங்குனி பிறந்துவிட்டால் திருவிழாக்கள் வரிசையாக வரும், விடிய விடிய ஆடிவிட்டுப் பகலில்தான் அவர்கள் தூங்குவார்கள். மார்கழி, தை மாதங்களில் வைத்தால் வெயிலும் குறைவு, வேலை குறைந்த நாட்களில் அவர்களுக்கும் ஒரு வருமானம்.