சொற்களை அடித்துவிட்டுப் பார்த்தேன்: ஆறு வார இணையப் பயிற்சி ஒன்றின் மதிப்புரை

‘உங்களுக்குள் உறங்கும் ஆற்றலை மலரச் செய்யும் முழுமையான வாழ்வியல் பயணம்’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஆறு வார இணையப் பயிற்சியில் பணம் கட்டிச் சேர்ந்து, அதை முழுவதுமாக முடித்த பிறகே இதை எழுதுகிறேன். நடத்தும் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே நடையில் பேசும் பயிற்சிகள் இன்று பல இருக்கின்றன.

கிடைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு காணொளிகள் வந்தன. மூச்சுப் பயிற்சி பற்றிய இரண்டு பாடங்கள் தெளிவாகவும் பொறுமையாகவும் நடத்தப்பட்டிருந்தன. அவற்றை இன்றும் செய்துவருகிறேன். மற்ற பத்திலும் கேட்பதற்கு இதமான பேச்சு இருந்ததே தவிர, எழுந்து செய்வதற்கு எதுவும் இல்லை.

சேர்வதற்கு முன் செய்திருக்க வேண்டிய ஒரு வேலையை முடித்த பிறகுதான் செய்தேன். விளம்பரப் பக்கத்தை அச்செடுத்து, மலர்ச்சி, முழுமை, ஆழம், பயணம், ‘உண்மையான நீங்கள்’ முதலிய சொற்களைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் அடிபடாமல் நின்றவை ‘ஆறு வாரம்’, ‘காணொளி’, ‘கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது’ ஆகிய மூன்று மட்டுமே. கற்பிப்பவர் யார், அவர் எங்கே பயின்றவர், பயிற்சியின் முடிவில் நமக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும் என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

இந்த உத்தி புதியதன்று. 1937இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட பரப்புரைப் பகுப்பாய்வு நிறுவனம், மக்களை இணங்கவைக்கும் உத்திகளை ஏழாக வகுத்தபோது, எவரும் மறுக்க மனம் வராத நல்ல சொற்களைப் போர்த்தி ஒரு கருத்தை ஏற்கவைப்பதைத் தனி உத்தியாகவே சேர்த்தது. அந்த நல்ல சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், அதற்கும் நம்மிடம் நீட்டப்படும் கருத்துக்கும் நியாயமான தொடர்பு உண்டா, சொல்லை விலக்கிவிட்டால் கருத்தில் என்ன தகுதி மிஞ்சுகிறது என்று கேட்கும்படி அது வாசகர்களைப் பழக்கியது. என் பென்சில் செய்தது அந்த மூன்றாவது கேள்வியின் வேலையைத்தான்.

என்னை மிகவும் வருத்தியது இரண்டாம் வாரத்தில் வந்த ‘உங்களுக்கே உரிய ஆளுமை அறிக்கை’. நீண்ட வினாத்தாளை நிரப்பி அனுப்பியதும் வந்த அந்த அறிக்கை, நான் வெளியில் உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் தயங்குபவள் என்றும், என் திறமையில் பெரும்பகுதி இன்னும் வெளிப்படவில்லை என்றும் சொன்னது. படித்தபோது கண் கலங்கியது உண்மை. என்னோடு சேர்ந்த தோழியின் அறிக்கையை ஒரு மாலை அருகில் வைத்துப் படித்தோம். பெயரைத் தவிர முதல் இரண்டு பத்திகளும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தன.

உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1948இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு இதையே சோதனையாகச் செய்தார். தேர்வு ஒன்றை எழுதவைத்து, பெரும்பாலும் ஒரு சோதிட நூலிலிருந்து திரட்டிய ஒரே விவரணையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியதுபோலக் கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் தந்த மதிப்பெண்ணின் சராசரி 5க்கு ஏறத்தாழ 4.3. ஃபோரர் அதே வகுப்பில் உண்மையைச் சொல்லிவிட்டார். இங்கே அந்த அறிக்கைதான் அடுத்த, கூடுதல் கட்டணப் பயிற்சிக்கான அழைப்பாகப் பயன்படுகிறது; தன்னைப் பற்றிய ஏக்கத்தோடு வருபவர்களிடம் இப்படி நடந்துகொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த பயிற்சியில் நேரடி வகுப்பு எத்தனை மணி நேரம் என்று வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டேன். ‘ஒவ்வொருவரின் பயணமும் தனித்துவமானது’ என்று பதில் வந்தது. எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் கேட்டதற்குப் பதிலே இல்லை.

மூச்சுப் பயிற்சிப் பாடங்கள் இரண்டுக்காக 5க்கு 1.5 தருகிறேன். அவற்றை மட்டும் தனியாக விற்றால் வாங்கலாம். முழுப் பயிற்சியை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.