முன்னாள் படைவீரர்கள் கவனத்துக்கு: வழக்குப் போடுகிறோம் என்று என்னிடம் வாங்கிய 48,500 ரூபாய்

ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் என் பெயரில் எந்த வழக்கும் இல்லை என்பது நேற்று மாலைதான் உறுதியானது. பதினான்கு மாதங்களாக நடப்பதாக என்னிடம் சொல்லப்பட்ட வழக்கு அது. அதற்காக நான் கொடுத்தது 48,500 ரூபாய். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் என் ஊர். 2017இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். வெளியே வரும்போது மருத்துவ வாரியம் எனக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாகவும், அது ஆயுள் முழுமைக்கும் 30 சதவீதக் குறைபாடு என்றும் எழுதிவிட்டு, அது பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல என்று முடித்துவிட்டது. எங்கள் ஆட்கள் இதை 'நானா' என்பார்கள். அந்த 'நானா'வைக் காட்டி டிஸெபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டது. மேல்முறையீடுகள் இரண்டும் தள்ளுபடியாயின. அதன்பின் ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். நான்கு மாதம் மீதி இருந்தபோதுதான், முன்னாள் படைவீரர்களுக்கு ஆலோசனை என்று பலகை மாட்டிய, மதுரையில் உள்ள ஒரு மாடி அறையின் படியேறினேன்.

உள்ளே இருந்தவர் எழுந்து நின்று "ஜெய் ஹிந்த் சாப்" என்றார். நான் வாய் திறக்கும் முன்பே காகிதத்தைப் பார்த்து, "நானா போட்டுட்டானா?" என்று கேட்டார். படையில் சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டினார். 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி 30 சதவீதம் 50 ஆகக் கணக்கிடப்படும் என்று, வரவேண்டிய தொகையைக் காகிதத்தில் போட்டும் காட்டினார். இவை எதுவும் பொய் அல்ல என்பதுதான் இன்றும் என்னை எரிக்கிறது. சட்டம் தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று நம்பினேன். சென்னைக்கு அலைய வேண்டாம், ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளையிலேயே முடித்துவிடலாம் என்றார். வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் வக்காலத்துப் படிவத்தில், ஒன்றும் நிரப்பாமலே கையெழுத்திட்டு, டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் மருத்துவ வாரிய அறிக்கையையும் அசலாகவே கொடுத்துவிட்டு வந்தேன். அன்று 20,000 ரூபாய், பிறகு நீதிமன்றச் செலவுக்கு என்று 18,500, மூத்த வழக்கறிஞருக்கு என்று 10,000. ஒன்றுக்கும் ரசீது இல்லை.

நான்கு மாதம் கழித்துக் கேட்டபோது, வழக்கு சென்னைக்கு மாற்றப்பட்டுவிட்டது என்றார். தீர்ப்பாயம் இருப்பதே சென்னையில்தான், மதுரையில் வழக்கே போட்டிருக்க மாட்டார் என்று அப்போதே விழித்திருக்க வேண்டும். அடுத்து அரசுத் தரப்பு பதில் மனு போடவில்லை, அடுத்து அமர்வில் உறுப்பினர் இல்லை, அதன்பின் கோடை விடுமுறை. ஒருமுறை நேரில் போனபோது, "சர்வீஸ்ல இத்தனை வருஷம் பொறுத்தீங்க, இதுக்குப் பொறுக்க முடியலையா?" என்று, இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையனை விட்டுச் சொல்ல வைத்தார். வற்புறுத்தியதும் ஓர் ஓ.ஏ. எண், அதாவது தீர்ப்பாயத்தில் போடும் மனுவின் எண், கொடுத்தார். நண்பரின் மகள் தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் தேடினாள். அது யாரோ ஒருவருடைய வழக்கின் எண்.

48,500 ரூபாய் மட்டும் போயிருந்தால் தலை முழுகியிருப்பேன். என்னைப் போலத் தாமதமாக வருவோருக்கு, 2008ஆம் ஆண்டின் தர்சேம் சிங் தீர்ப்பைக் காட்டி, மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்றாண்டு நிலுவையைத்தான் வழக்கமாகத் தருகிறார்கள். ஆகவே மனு போடப்படாமல் கழிந்த ஒவ்வொரு மாதமும் நிலுவையில் ஒரு மாதத்தைத் தின்றிருக்கிறது. ஆறு மாதக் கெடுவும் தாண்டிவிட்டதால், இனித் தாமதத்தை மன்னிக்கக் கோரி முதலில் ஒரு மனுப் போட வேண்டும். நான் ஏமாந்த கதையை அதில் எழுதிக் கெஞ்ச வேண்டும்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. அசலைக் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள். வழக்கறிஞரை நேரில் பார்க்காமல் பணம் தராதீர்கள். எண் கொடுத்தால் அன்றே தேடுங்கள். முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், நான் கேட்கவில்லை.

இன்று காலை போனேன். மாடிக் கதவில் பூட்டு. டிஸ்சார்ஜ் புத்தகம் உள்ளே இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.