இறங்குதுறையில் தூண்டில் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு

போன கார்த்திகையில் வவுனியாவிலிருந்து மச்சான் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அவருடைய மகனுக்குப் பன்னிரண்டு வயது. குளத்தில் மீன் பிடித்துப் பழகியவன், கடல் மீன் ஒன்றாவது தூண்டிலில் ஏற்றாமல் ஊருக்குப் போகமாட்டேன் என்று நின்றான். அம்மா மட்டும், "கார்த்திகை மாசத்துல கடற்கரைக்கா போறீங்க?" என்று கேட்டார். 1978 நவம்பர் 23 சூறாவளியைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்தவர். இந்த மாதம் வந்தாலே அவருக்கு இருப்புக் கொள்ளாது. நாங்கள் சிரித்துவிட்டுக் கிளம்பினோம்.

மட்டக்களப்பில் வாவி கடலோடு சேரும் முகத்துவாரப் பக்கம் உள்ள ஒரு பொது இறங்குதுறை. எதுவென்று எழுதவில்லை, அங்கே நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வாசலில் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஆளுக்கு 300 ரூபா "நுழைவு", வாகனத்துக்கு 200. பொது இடத்துக்கு என்ன காசு என்று மச்சான் கேட்டார். "பராமரிப்புக்கு அண்ணன், சபையிட ஓடர்" என்றார், உள்ளூராட்சி சபையைத்தான் சொன்னார். சிட்டையும் தந்தார். புத்தகக் கடையில் விற்கிற பில் புத்தகத்தில் கிழித்த தாள், மேலே ஊதா மையில் வட்டமாக ஒரு முத்திரை. முத்திரைக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று எவராலும் வாசிக்க முடியாது. வாகனத்துக்குத் தந்ததிலும் எங்களுக்குத் தந்ததிலும் ஒரே இலக்கம் இருந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

தூண்டிலும் அவரிடமே. இரண்டு தூண்டிலுக்கு வாடகை 2000, டிப்போசிட் 10,000. இரைக்கு இறால் ஒரு பக்கற் 600. அந்த இறால் உருகி, மறுபடி ஐஸில் போட்டு, மறுபடி உருகியது போலிருந்தது. தலை தொட்டவுடன் கழன்றது, கொளுவினால் தூண்டில் முள்ளில் நிற்காமல் வழுக்கியது. மருமகன் புதுத் தூண்டில் கிடைத்த சந்தோஷத்தில் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டான். அந்தப் படத்துக்குப் பிறகு வருகிறேன்.

காலநிலை எப்படி என்று நான் கேட்டேன், பொய் சொல்லக்கூடாது. "ஒரு பயமும் இல்ல தம்பி. முகத்துவாரம் வெட்டிக் கிடக்கு, மீன் கொட்டும்." இதில் பாதி உண்மை. மாரியில் வாவி நிரம்பி வயலும் வீடும் தாழும்போது முகத்துவாரத்து மண்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். வாய் திறந்தால் மீன் அங்கே வந்து போகும், சரிதான். ஆனால் வெட்டின கையோடு வருவது தேத்தண்ணி நிறத்து வெள்ளம். நாங்கள் போட்ட ஈயம் தரையில் நிற்கவே இல்லை. தங்கூசி, அதாவது தூண்டில் நூல், நேராகக் கடல் பக்கம் இழுபட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மிதந்து வரும் ஆற்றுவாழைச் செடிக் கும்பல் ஒன்று வந்து மாட்டும், இழுத்தால் முள்ளோடு அறுந்துவிடும். ஒன்றரை மணித்தியாலத்தில் கிடைத்தது விரலளவு கெளுத்தி ஒன்று. அதுவும் தன் முள்ளால் மச்சானின் கையைக் குத்திவிட்டது.

நான் மடையனாகிய இடம் வேறு. வந்தபோதே பார்த்தேன், கரையில் தோணிகளை வழக்கத்தைவிட மேலே, தென்னைகளுக்குள் இழுத்து வைத்திருந்தார்கள். தூண்டில்காரரின் தகரக் கூரைக்குமேல் கயிறு போட்டு இரண்டு பக்கமும் மண்மூட்டை தொங்கியது. கண்ணால் பார்த்தும் அது ஏன் என்று யோசிக்கவில்லை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாகப் பொத்துவில் வரையான கடலுக்குப் போகவேண்டாம் என்று அன்று காலை வானொலியில் சொல்லியிருக்கிறார்கள். அந்த மனிதர் தன் கூரையைக் கட்டிவிட்டு எங்களுக்குத் தூண்டில் தந்திருக்கிறார்.

மூன்று மணிக்குக் கடல் பக்கம் கறுத்தது. காற்று முதலில் வந்தது, மழை பக்கவாட்டில் வந்தது. பாசி பிடித்த கொங்கிரீட்டில் மருமகன் சறுக்கி விழுந்தான். படகு கட்டும் கட்டை ஒன்று கைக்கு எட்டியிராவிட்டால் இந்தப் பதிவை நான் எழுதியிருக்கமாட்டேன். முழங்கால் கிழிந்ததோடு தப்பினான்.

நனைந்துகொண்டு திரும்பினால், அவர் மேசையை மடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். டிப்போசிட்டைக் கேட்டோம். தூண்டிலைத் தூக்கி நுனியைப் பார்த்து, "வளையம் போயிட்டு அண்ணன், இது 8000 ரூபாச் சாமான்" என்றார். மருமகன் போனைத் திறந்து நீட்டினான். நாங்கள் எடுத்த நேரத்திலேயே நுனியில் வளையம் இல்லை, படத்தில் தெளிவாகத் தெரிகிறது. அவர் படத்தைப் பார்த்தார், சிரித்தார், 2000 ரூபாவை என் சட்டைப் பைக்குள் தானே வைத்துவிட்டு ஆட்டோவை எடுத்தார். அந்த மழையில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு என்ன சண்டை பிடிப்பது?

பக்கத்து மீன்வாடியில் ஒதுங்கியபோது ஒரு வயதான முஸ்லிம் காக்கா துவாய் தந்தார். "அவருக்கு ஏன் காசு குடுத்தீங்க? இஞ்ச யாரும் டிக்கட் வெட்டுறல்ல" என்றார். உள்ளூர்க்காரரிடம் அவர் காசு கேட்பதே இல்லையாம், வெளியூர் இலக்கத் தகடு கண்டால்தான் மேசை வருமாம். எங்களுடையது மச்சானின் வேன்.

போகிறவர்கள் சபையின் பெயர் அச்சிட்ட, தொடர் இலக்கம் உள்ள பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். தூண்டில் எடுத்தால் நுனி, கைப்பிடி, ரீல் மூன்றையும் வாடகைக்காரர் கண்முன்னாலேயே படம் எடுங்கள். நாங்கள் எடுத்தும் 8000 போனது, ஆனாலும் எடுங்கள். காலநிலையை வாடகைக்காரரிடம் கேட்காமல் 117க்கு அடியுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கம் அது.

அந்தத் தூண்டில் இரண்டிலும் கைப்பிடியில் நீல நிற வயர் டேப் சுற்றியிருக்கும். ஒன்றுக்கு நுனி வளையம் கிடையாது. யாராவது அதை உங்களிடம் நீட்டினால் வாங்கவேண்டாம்.