சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை: குமுளியில் எங்கள் வீட்டுக்கு வந்த பார்சலும் மிரட்டலும்

குமுளி, வண்டிப்பெரியாறு, கம்பம், போடி பக்கம் இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டாக்டர் சீட்டு இல்லாமலே தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை, வலி மாத்திரை எல்லாம் வீடு தேடி வரும் என்று தமிழிலும் மலையாளத்திலும் போனில் விளம்பரம் வந்துகொண்டிருக்கிறது. என் அண்ணன் அதில் ஒன்றை நம்பி வாங்கினார். மாத்திரையிலும் ஏமாந்தார், அதற்குப் பின்னால் வந்த மிரட்டலிலும் ஏமாந்தார். இரண்டையும் செய்தது ஒரே கூட்டம் என்றுதான் நான் நினைக்கிறேன். அண்ணனிடம் கேட்டு, அவர் சரி சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு ஏலக்காய் வியாபாரம். விலை இறங்கி, கொடுத்த கடனும் திரும்பாத நேரத்தில் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. தேனியில் ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு அல்பிரசோலம் என்ற மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதித் தந்தார். திரும்பி வந்து காட்ட வேண்டும், தானாக நீட்டிக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். மாத்திரை தீர்ந்ததும் பழைய சீட்டோடு குமுளியில் மெடிக்கலுக்குப் போயிருக்கிறார். புதுச் சீட்டு இல்லாமல் தர முடியாது என்று கடைக்காரர் மறுத்துவிட்டார். அதற்கே மலையிறங்கித் தேனிக்குப் போய் ஒரு நாள் பொழப்பைக் கெடுக்க வேண்டுமா என்று அண்ணனுக்குக் கோபம்.

அந்தக் கடைக்காரர் செய்ததுதான் சரி. அல்பிரசோலம், தூக்க மாத்திரையான சோல்பிடெம், வலி மாத்திரையான டிரமடால் போன்றவை, சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய ‘எச்1’ என்ற அட்டவணையில் வரும் மருந்துகள். 2014 மார்ச்சிலிருந்து அந்த அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. சீட்டு எழுதிய மருத்துவர் யார், நோயாளி யார், எந்த மருந்து, எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டு தேனியில் எழுதியதா, இடுக்கியில் எழுதியதா என்பது சிக்கலே இல்லை. பதிவுபெற்ற மருத்துவர் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கேரளத்தில் 2024 தொடக்கத்தில் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்று சீட்டில்லாத ஆன்டிபயாட்டிக் விற்பனைக்கு எதிராகச் சோதனை போட்டார்கள். கடைகள் கறாராக இருப்பது நம்முடைய நல்லதுக்கு.

கடையில் கிடைக்கவில்லை என்றதும் அண்ணன் போனில் தேடியிருக்கிறார். கிடைத்த தளத்தில் ஒரு படிவம். வயது என்ன, தூக்கம் வருகிறதா, வேறு நோய் உண்டா என்று நாலைந்து கேள்வி. நிரப்பி முடித்த உடனே ‘மருத்துவர் ஒப்புதல் அளித்தார்’ என்று ஒரு கையெழுத்தோடு வந்ததாம். எந்த மருத்துவரும் அவரிடம் பேசவில்லை. பணம் போனது யாரோ ஒரு தனிநபர் பெயரில் இருந்த க்யூஆர் கோடுக்கு. விலையும் மெடிக்கலில் வாங்கியதைவிடப் பல மடங்கு. வந்த கொரியர் பார்சலின் மேல் ‘மூலிகைப் பொருள்’ என்று எழுதியிருந்தது. உண்மையான மருந்தை விற்கிறவன் எதற்கு அப்படி எழுதப் போகிறான்?

அட்டையை முதலில் சந்தேகப்பட்டது மதினிதான். தேனியில் வாங்கிய காலி அட்டை வீட்டில் கிடந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையதில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, கம்பெனி முகவரி, உரிம எண் எல்லாம் தெளிவாக இருந்தன. புதியதில் மருந்தின் பெயரும் 0.5 என்ற அளவும் மட்டும். ஒரு தேதி இருந்தது, விரலால் தேய்த்தால் அழிந்தது. மாத்திரையின் நிறமும் அட்டைக்கு அட்டை ஒன்றுபோல இல்லை. மதினி சொன்னபோது, “கம்பெனி வேறயா இருக்கும், விடு” என்றிருக்கிறார் அண்ணன்.

முதலில் தின்ற அட்டை ஒன்றும் செய்யவில்லை. அதனால் ஒன்றுக்கு இரண்டு, அப்புறம் மூன்று என்று கூட்டிக்கொண்டே போனார். அடுத்த அட்டையிலும் அதே மூன்றைப் போட்ட இரவில் குளியலறையில் விழுந்து புருவத்துக்கு மேல் கிழிந்தது. காலையில் எழுப்பினால் நாக்கு குழறுகிறது, நிற்க முடியவில்லை. அந்த நிலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கம்பம் மலைப்பாதையில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மருத்துவமனைக்குக் கூட்டிப் போனால் அங்கேயும் மாத்திரையைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. வழுக்கி விழுந்ததாக மட்டும் சொன்னார். தலைக்குத் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். பயந்துபோய் மாத்திரையை அன்றோடு நிறுத்தினார். அதுவும் ஆபத்துதான். இரண்டு நாளில் கை நடுக்கம், வியர்வை, நெஞ்சு படபடப்பு, ஒரு நிமிடம் உட்கார முடியாத தவிப்பு. மதினி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தேனி மருத்துவரிடம் கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இந்த வகை மாத்திரையைப் பழகிவிட்டுத் திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம், அளவைச் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் அவர். மதுவோடோ, டிரமடால் போன்ற வலி மருந்தோடோ சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடவும் கூடும். இது சரியான மாத்திரைக்கே உள்ள ஆபத்து. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாத மாத்திரையில் எதைக் குறைப்பது? “அட்டையை முதல்லயே காட்டியிருந்தா எனக்கு வேலை சுலபமா இருந்திருக்கும்” என்றார் மருத்துவர்.

அண்ணன் வாய் திறக்காததற்குக் காரணம் அப்புறம்தான் தெரிந்தது. பார்சல் வந்த கொஞ்ச நாளிலேயே அவருக்கு வீடியோ அழைப்பு வந்திருக்கிறது. சீருடை போட்ட ஆள், பின்னால் அசோகச் சின்னம். “உங்கள் பெயரில் வந்த போதை மாத்திரைப் பார்சல் பிடிபட்டிருக்கிறது, வழக்குப் பதிவானால் ஜாமீன் கிடையாது, வீட்டில்கூடச் சொல்லக் கூடாது” என்று ஆரம்பித்தவன், சமரசக் கட்டணம் என்று 38,000 ரூபாய் வாங்கிவிட்டான். அவனுக்கு அண்ணனின் முகவரி, மாத்திரையின் பெயர், எத்தனை அட்டை வாங்கினார் என்பது வரை தெரிந்திருந்தது. விற்றவனைத் தவிர இந்த விவரமெல்லாம் யார் கையில் இருக்கும்? நான் ஒரே கூட்டம் என்று சொல்வது இதனால்தான். மருந்து விற்றதில் வந்த லாபத்தைவிட, வாங்கியவர் வெளியே சொல்லப் பயப்படுவார் என்பதில்தான் அவனுக்குப் பெரிய வருமானம்.

மிரட்டலில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆட்கள் விழுகிறார்கள். அல்பிரசோலம் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ள மருந்து. டிரமடால் 2018இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மருத்துவர் சீட்டோடு நம் சொந்த உபயோகத்துக்கு வாங்கி வைத்துக்கொள்வதில் தவறில்லை. சீட்டே இல்லாமல் வரவழைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ஆனால் எந்தப் போலீஸும் எந்தத் துறையும் வீடியோ அழைப்பில் கைது செய்வதில்லை, யுபிஐயில் அபராதம் வாங்குவதுமில்லை. ‘டிஜிட்டல் கைது’ என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் சொன்னார்.

ஆன்லைனில் மருந்து விற்பதே தப்பா என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கான வரைவு விதிகள் 2018 ஆகஸ்டில் வந்தன, பல ஆண்டுகள் வரைவாகவே கிடந்தன. உரிமம் இல்லாமல் ஆன்லைனில் விற்கக் கூடாது என்று அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து தர உரிமம் பெற்ற கடைகளுக்கு அனுமதி கொடுத்தபோதும் எச்1 மருந்துகளையும் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறவற்றையும் விலக்கித்தான் வைத்தார்கள். அதே மாதம் வந்த தொலைமருத்துவ நெறிமுறையும் போதைப்பொருள் சட்டத்தில் உள்ள மருந்துகளைப் போன் வழியாக எழுதித் தரக் கூடாது என்றது. எனவே நாலு கேள்விப் படிவத்துக்குத் தூக்க மாத்திரை தருகிற தளம் எதுவாக இருந்தாலும் அது சட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930. நாங்கள் அதற்கு அழைத்துப் புகார் சொன்னோம், சைபர் குற்ற இணையதளத்திலும் பதிந்தோம். பணம் இன்னும் வரவில்லை. பணம் போன உடனே அழைத்தால், அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம். அண்ணன் மறைத்து வைத்ததில் அந்த நேரம் கழிந்துவிட்டது. மிச்ச அட்டைகளையும் பார்சல் உறையையும் மருந்து ஆய்வாளரிடம் ஒப்படைத்தோம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி, மருந்தை வாங்கிய யாரும் கட்டணம் கட்டி அதை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். அதனால் சந்தேகப்பட்ட அட்டையைக் கோபத்தில் அடுப்பில் போடாதீர்கள்.

தூக்கம் வராமல் தவிக்கிறவர்களுக்கு 14416 என்று அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது. ‘டெலி மானஸ்’ என்று பெயர், 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம், எந்த நேரமும் அழைக்கலாம். விலைதான் பிரச்சினை என்றால் மக்கள் மருந்தகங்கள் இருக்கின்றன, கேரளப் பக்கம் காருண்யா மருந்தகங்கள், தமிழ்நாட்டுப் பக்கம் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்கள்.

யார் வீட்டிலாவது இந்த மாதிரி வந்த மாத்திரையை இப்போதே யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், திட்டாதீர்கள், பிடுங்கியும் எறியாதீர்கள். அட்டையையும் ஆளையும் சேர்த்து மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எத்தனை நாளாக, எத்தனை மாத்திரை என்பதை ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அவர் குறைக்கச் சொல்கிற விதத்தில்தான் குறைக்க வேண்டும்.